மாற்று சிறுநீரகமும் கடைசிச் சில சென்டிமீட்டர் குழாயும்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை என்றதும் எல்லோருக்கும் முதலில் வரும் பயம் நிராகரிப்பு, அதாவது உடலின் எதிர்ப்பாற்றல் புதிய உறுப்பைத் தாக்குவது. நியாயமான பயம்தான். ஆனால் புதிய சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், அது பிரித்தெடுக்கும் சிறுநீர் சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வழியில் கசிவோ அடைப்போ வந்தால் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறும். நிராகரிப்பிலும் ஏறுவது அதே கிரியேட்டினின்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறினால், குழாய் அடைத்துக்கொண்டவருக்கு நிராகரிப்புக்கான அதிக அளவு ஸ்டீராய்டு போகும். அடைப்பு அப்படியே இருக்கும், தொற்று கிளம்பும், தையல் ஆறுவதும் தள்ளிப்போகும்.

அதனால்தான் கிரியேட்டினின் ஏறிய எவருக்கும் மருந்தை மாற்றும் முன் ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்பது இத்துறையில் மாறாத விதி. வலியில்லாத, விலை குறைந்த, படுக்கைக்கே கொண்டுவரக்கூடிய சோதனை அது. சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிறதா, உள்ளே சிறுநீர் தேங்கி வீங்கியிருக்கிறதா, சுற்றிலும் திரவம் சேர்ந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் சில நிமிடங்களில் பதில் கிடைத்துவிடும்.

சிறுநீர்ப் பாதைச் சிக்கல்கள் இன்று பெரும்பாலான மையங்களில் 100 பேரில் 10 பேருக்கும் குறைவாகவே வருகின்றன. கசிவு 1 முதல் 3 பேருக்கு, குழாய்க் குறுகல் அதைவிடச் சற்று அதிகமானவர்களுக்கு. நேரத்தோடு கண்டுபிடித்துச் சரிசெய்தால் சிறுநீரகத்தின் ஆயுள் இவற்றால் பெரிதாகக் குறைவதில்லை. நேரத்தோடு என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

குழாய்க்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர்நாளம், அதாவது யூரிட்டர், இயல்பான உடலில் சுமார் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். அதன் மேல்பகுதிக்குச் சிறுநீரகத் தமனியின் கிளைகள் ரத்தம் தருகின்றன. நடுப்பகுதிக்குப் பெருந்தமனியிலிருந்தும் இடுப்புத் தமனியிலிருந்தும் கிளைகள் வருகின்றன. அடிப்பகுதிக்குச் சிறுநீர்ப்பையின் தமனிகள் உதவுகின்றன. கொடையாளரின் உடலிலிருந்து சிறுநீரகத்தை எடுக்கும்போது கீழிரண்டு வழிகளும் அறுந்துவிடும். எஞ்சுவது மேலிருந்து வரும் ஒரே வழி. எனவே குழாயில் கீழே போகப் போக ரத்தம் மெலிகிறது. எந்த நுனியைச் சிறுநீர்ப்பையில் தைக்கப் போகிறார்களோ, அதுதான் எல்லாவற்றிலும் பலவீனமான இடம். சிறுநீர்ப் பாதைச் சிக்கல்களில் பெரும்பகுதிக்கு மூலம் இந்த ஒரு விஷயம்தான்: ரத்தம் அறவே போகாவிட்டால் திசு அழுகிக் கசிவு வரும், அரைகுறையாகப் போனால் தழும்பேறிச் சுருங்கிக் குறுகல் வரும்.

இதனால் பாதுகாப்பு கொடையாளரின் அறுவை அரங்கிலேயே தொடங்குகிறது. சிறுநீரகத்தின் கீழ்முனை, ரத்தக் குழாய்கள் நுழையும் இடம், சிறுநீர்நாளம் ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட கொழுப்புத் திசுவைப் பொன் முக்கோணம் என்பார்கள். குழாய்க்கான மெல்லிய தமனிகள் இதற்குள்தான் ஓடுகின்றன. பார்வைக்குத் துப்புரவாக இருக்கட்டும் என்று அந்தக் கொழுப்பைச் சுரண்டி எடுத்தால் குழாய் உயிரிழக்கும். சிலருக்குச் சிறுநீரகத்தின் கீழ்முனைக்கெனத் தனியாக ஒரு சிறு தமனி இருக்கும். மேல்முனைத் தமனி மிகச் சிறியதாக இருந்தால் அதைக் கட்டிவிடலாம். சிறுநீரகத்தின் ஒரு சிறு பகுதிதான் போகும். கீழ்முனைத் தமனியை அப்படி விட முடியாது. அது எவ்வளவு மெல்லியதானாலும் மெனக்கெட்டு இணைக்க வேண்டும். அது போனால் சிறுநீர்நாளமும் கூடவே போகக்கூடும்.

தையலின் பக்கத்தில் நின்று பார்த்தால்

மாற்று சிறுநீரகத்தை முதுகுப்புறம் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஒரு பக்கம், இடுப்பெலும்பின் குழிவில், வயிற்றறைச் சவ்வுக்கு வெளியே வைத்து, இடுப்பின் தமனியோடும் சிரையோடும் இணைக்கிறார்கள். நோயாளியின் பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. அவற்றின் சிறுநீர்நாளம் பின்னால் ஒரு நாள் உயிர்காக்கும் உதிரிபாகமாகக்கூட ஆகலாம்.

குழாயை இணைப்பதில் இன்று அதிகம் கையாளப்படுவது லிச்-கிரெகுவார் முறை. சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டர் வழியாகச் சிறுநீர்ப்பையை உப்புநீரால் நிரப்புகிறார்கள். பை நிமிர்ந்ததும் அதன் தசையடுக்கை மட்டும் 2 முதல் 3 சென்டிமீட்டர் கீறினால், உள்சவ்வு நீலம் பாரித்த குமிழ்போல் பிதுங்கி வரும். அதில் சிறு துளையிட்டு, நுனியைச் சாய்வாகப் பிளந்து வாயை அகலமாக்கிய சிறுநீர்நாளத்தை 5-0 அல்லது 6-0 என்ற மிக மெல்லிய அளவுள்ள கரையும் நூலால் தைக்கிறார்கள். பிறகு கீறிய தசையை அதன்மேல் மூடினால் குழாய் ஒரு குட்டிச் சுரங்கத்துக்குள் படுத்துக்கொள்ளும். சிறுநீர்ப்பை நிரம்பும்போது தசை அழுத்தி, சிறுநீர் மேலே திரும்பாமல் அந்தச் சுரங்கம் தடுக்கும். பையை முழுதாகத் திறந்து உள்ளிருந்து தைக்கும் பழைய முறையைவிட இதில் வெட்டு சிறியது, நேரமும் குறைவு, சிறுநீரில் ரத்தம் வருவதும் குறைவு.

இதில் தவறு நேரும் இடங்கள் சில. கரையாத நூலைப் போட்டால் அதன்மேல் உப்புப் படிந்து கல் வளரும். குழாயை நீளமாக விட்டால் மடங்கும். அதோடு ரத்தம் எட்டாத நுனியையே தைக்க நேரும். மிகவும் குட்டையாக வெட்டினால் தையல் இழுபடும். இழுபடாத அளவுக்கு முடிந்தவரை குட்டை என்பதே கணக்கு. நுனியை நறுக்கும்போது ரத்தம் துளிர்க்க வேண்டும். துளிர்க்காவிட்டால் துளிர்க்கும் இடம்வரை மேலே நறுக்க வேண்டும். ஆண்களில் விதைக்குப் போகும் வடத்துக்குக் கீழாகக் குழாயைக் கொண்டுபோக வேண்டும். மேலாகப் போனால் வடம் கயிறுபோல் அழுத்தி அடைப்பை உண்டாக்கும். கொசுவலைக் கயிற்றில் மாட்டிய ரப்பர் குழாயை நினைத்துக்கொண்டால் புரியும்.

ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸில் இருந்து சிறுநீரே போகாதவர்களுக்கு இன்னொரு தொல்லை. வேலையில்லாத சிறுநீர்ப்பை சுருங்கி 100 மில்லிலிட்டர்கூடக் கொள்ளாமல், சுவர் மெலிந்து கிடக்கும். அதில் சுரங்கம் அமைப்பது கடினம். கதீட்டரை எடுத்ததும் அரை மணிக்கொரு தரம் சிறுநீர் வந்து அவர்கள் பயந்துபோவார்கள். சிறுநீர் தொடர்ந்து நிரம்பி வெளியேற, சில வாரங்கள் முதல் சில மாதங்களில் பெரும்பாலும் பை விரிந்து பழைய நிலைக்கு வந்துவிடும்.

கசிவு

முதல் சில நாட்களில் கசிந்தால் தையலில் கோளாறு என்றே பெரும்பாலும் அர்த்தம். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் கசிந்தால் நுனித் திசு அழுகியிருக்கக்கூடும். எச்சரிக்கை கதீட்டர் பையிலும், அறுவை செய்த இடத்துத் திரவத்தை வெளியேற்றும் ட்ரெயின் குழாயின் பையிலும் தெரியும். நேற்றுவரை ட்ரெயினில் 80 மில்லிலிட்டர் வந்துகொண்டிருந்தது இன்று 700 ஆகி, கதீட்டர் பையில் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தால், சிறுநீர் வழி மாறிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். ட்ரெயினை எடுத்துவிட்டவர்களுக்கு வெட்டுக்காயம் வழியே தெளிந்த நீர் கசியலாம், அடிவயிறு புடைக்கலாம், தொடை அல்லது பிறப்புறுப்புப் பகுதி வீங்கலாம், காய்ச்சல் வரலாம்.

அது சிறுநீரா, அல்லது திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த திரவமான நிணநீரா? இதற்கு எளிய, உறுதியான சோதனை ஒன்று உண்டு. ட்ரெயின் திரவத்தையும் ரத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுத்து இரண்டிலும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு ரத்தத்தில் 3 மில்லிகிராம், திரவத்தில் 3.1 என்றால் அது நிணநீர். ரத்தத்தில் 3, திரவத்தில் 35 என்றால் சிறுநீர். பொட்டாசியமும் அதேபோல் சிறுநீரில் கூடுதலாக இருக்கும். கசிந்த சிறுநீரைச் சுற்றியுள்ள திசு மறுபடி உறிஞ்சிக்கொள்வதால்தான், சிறுநீரகம் நன்றாக வேலை செய்தும் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுகிறது.

முதல் வைத்தியம் சிறுநீர்ப்பையை வெறுமையாக வைப்பது. பை நிரம்பினால் தையல் விரியும். வெறுமையாக இருந்தால் மூடிக்கொள்ளும். எடுத்துவிட்ட கதீட்டரை மறுபடி போடுவார்கள். உள்ளே ஸ்டென்ட் (சிறுநீர்நாளத்தைத் திறந்து வைக்கும் மெல்லிய உள்குழாய்) இல்லையென்றால் தோல்வழியாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு வடிகுழாயைச் செலுத்தி, அதன் வழியே ஸ்டென்ட்டை இறக்குவார்கள். கீழ்நுனியில் சிறிய கசிவென்றால் சில வாரங்களில் இது போதும். கசிவு பெரிதாக இருந்தால், அல்லது திசு அழுகிய அறிகுறி இருந்தால், காத்திருப்பது தவறு. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருப்பவருக்கு, புதிதாகத் தைத்த தமனியைச் சுற்றித் தொற்றுள்ள சிறுநீர் தேங்கி நிற்பது உயிருக்கே ஆபத்து. திறந்து, அழுகியதை நறுக்கி, நல்ல திசுவை மறுபடி தைக்க வேண்டும். குழாய் எட்டவில்லை என்றால் நோயாளியின் சொந்தச் சிறுநீர்நாளத்தைக் கீழிருந்து எடுத்து, மாற்று சிறுநீரகத்தோடு இணைக்கலாம். அல்லது சிறுநீர்ப்பைச் சுவரிலிருந்தே ஒரு பட்டையைக் கத்தரித்துச் சுருட்டி, போவாரி மடல் என்ற முறையில் குழாயாக்கி மேலே கொண்டுபோகலாம்.

சிறுநீர் திடீரென்று நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது கதீட்டரைத்தான். ரத்தக்கட்டி அடைத்திருப்பது அடிக்கடி நடப்பது. கிருமி நீக்கிய உப்புநீரை மெதுவாகச் செலுத்தி எடுத்தால் திறந்துகொள்ளும்; புதுத் தையல் இருப்பதால் வேகமாக அழுத்தக் கூடாது. கதீட்டரில் குறையில்லை என்றால் தாமதமின்றி, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். சிறுநீரகத்தின் ரத்தக் குழாயே உறைந்து அடைத்திருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

வலிக்காத அடைப்பு

சொந்தச் சிறுநீரகத்தின் குழாய் அடைத்தால் மனிதர் துடித்துப்போவார். மாற்று சிறுநீரகத்தின் நரம்புகள் எடுக்கும்போதே அறுபட்டுவிட்டதால் அந்தத் துடிப்பு இருக்காது. அதிகம் போனால் அந்தப் பக்கம் லேசான பாரம். எனவே "வலி ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்ற பேச்சு இவர்களிடம் எந்த உத்தரவாதமும் தராது. சிறுநீர் அளவும் கிரியேட்டினினும் ஸ்கேனும்தான் பேச வேண்டும். அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கு வரச்சொல்லி வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆரம்ப நாட்களின் அடைப்புக்குத் தையலிடத்து வீக்கம், ரத்தக்கட்டி, மடிப்பு, வெளியிலிருந்து அழுத்தும் திரவக் கட்டி ஆகியவை காரணம். பின்னால் வருவது பெரும்பாலும் ரத்தக் குறைவால் வந்த தழும்பு. இடம் குழாயின் கீழ்நுனி. குறுகல்களில் பெரும்பான்மை முதல் ஆண்டுக்குள்ளேயே தலைகாட்டிவிடும்.

இதோடு ஒரு வைரஸுக்கும் தொடர்பு உண்டு. 1971-இல் சிறுநீர்நாளக் குறுகல் வந்த ஒரு மாற்று சிறுநீரக நோயாளியின் சிறுநீரில் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டார்கள். அவர் பெயரின் முதலெழுத்துகளே அதன் பெயராகி, பி.கே. வைரஸ் என்று வழங்குகிறது. சிறுவயதிலேயே பெரும்பாலானோர் உடலில் புகுந்து தூங்கிக் கிடக்கும் இது, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளால் காவல் தளரும்போது விழிக்கிறது. சிறுநீரகத் திசுவையும் தாக்கும், குழாயின் உள்சுவரையும் தாக்கும். இதைத் தீர்க்கும் நிரூபணமான வைரஸ் மருந்து இல்லை. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் அந்த மருந்தின் அளவைக் குறைப்பதே சிகிச்சை. நிராகரிப்பு என்று தவறாக எண்ணி அளவைக் கூட்டினால் நிலைமை தலைகீழாகிவிடும். எனவேதான் முதல் மாதங்களில் மாதம் ஒருமுறையும், பிறகு ஆண்டு முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இந்த வைரஸைத் தேடுமாறு கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கித் தெரிந்தால் உடனே அடைப்பு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும், சிறுநீர் பின்னோடினாலும் அப்படித் தெரியும். சிறுநீர் கழித்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஐசோடோப் ஸ்கேனில் சிறுநீர்ப்போக்கு மருந்து கொடுத்து, எவ்வளவு வேகமாக வடிகிறது என்று அளக்கலாம். ஐயம் நீடித்தால் தோல்வழியாக வடிகுழாய் போட்டுப் பார்ப்பதே தெளிவான வழி. மாற்று சிறுநீரகம் தோலுக்குச் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி ஊசி போடுவது எளிது. வடியவிட்டதும் கிரியேட்டினின் இறங்கினால் அடைப்பு உறுதி. இறங்காவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும். அதே வடிகுழாய் வழியே சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் குறுகலின் இடமும் நீளமும் தெரிந்துவிடும். சாயம் ரத்தத்தில் அதிகம் கலக்காததால் சிறுநீரகத்துக்குக் கெடுதலும் குறைவு.

குட்டையான, புதிதாக வந்த குறுகலைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைத்துப் பார்க்கலாம். நீண்டதும் நாட்பட்டதும் பலூனுக்கு மசியாது; விரித்தது மறுபடி சுருங்கும். இரண்டு மூன்று முறை பலூன் வைத்துக் காலத்தைக் கடத்துவதைவிட, ஒருமுறை தோற்றதும் அறுவைக்குப் போவதே சிறுநீரகத்துக்கு நல்லது என்பது எங்கள் கருத்து. தழும்புப் பகுதியை விட்டுவிட்டு மறுபடி இணைப்பதுதான் நிலைத்து நிற்கும் தீர்வு.

நிணநீர்க் கட்டி

இடுப்புத் தமனியைச் சுற்றி நிணநீர் நாளங்கள் வலைபோல் படர்ந்திருக்கும். சிறுநீரகத்துக்கு இடம் பண்ணும்போது அவை அறுபடும். ஒவ்வொன்றையும் கட்டாமல் விட்டால் நிணநீர் கசிந்து குளம்போல் தேங்கும். நிராகரிப்பைத் தடுக்கும் சிரோலிமஸ் மருந்தும் உடல் பருமனும் இதைக் கூட்டுகின்றன. பெரும்பாலான கட்டிகள் சிறியவை, தொல்லை தராதவை, தாமாக வற்றிவிடும். பெரியவை சிறுநீர்நாளத்தை அழுத்தலாம். சிரையை அழுத்தினால் அந்தப் பக்கக் கால் மட்டும் வீங்கும், ரத்தம் உறையவும் கூடும். ஊசியால் உறிஞ்சினால் திரவம் எதுவென்று தெரியும், ஆனால் கட்டி பெரும்பாலும் திரும்ப வரும். நிலையான வழி, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ரோஸ்கோப்பி மூலம் கட்டிக்கும் வயிற்றறைக்கும் நடுவே ஜன்னல்போல் திறந்துவிடுவது. வயிற்றறைச் சவ்வு நிணநீரை உறிஞ்சிக்கொள்ளும். ஜன்னல் வெட்டும் இடத்தில் சிறுநீர்நாளம் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே அதன் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

புராஸ்டேட்

வயதான ஆண்களில் மறைந்திருந்து வெளிப்படும் சிக்கல் இது. டயாலிசிஸ் காலத்தில் சிறுநீரே வராததால், சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பது தெரிந்திருக்காது. புதிய சிறுநீரகம் லிட்டர் கணக்கில் சிறுநீரைத் தரத் தொடங்கி, கதீட்டரையும் எடுத்ததும் சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்ளும். டாம்சுலோசின் போன்ற மருந்து முதலில். போதாவிட்டால் உள்நோக்குக் கருவி (எண்டோஸ்கோப்) வழியே சுரண்டி எடுக்கும் அறுவை. முன்பே செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் சிறுநீர் ஓடாத வறண்ட பாதையில் அந்த அறுவையைச் செய்தால், ஆறும்போது சுவர்கள் ஒட்டித் தழும்பேறிக் குறுகிவிடும் அபாயம் உண்டு. அதனால் சிறுநீரே வராதவர்களுக்குப் பெரும்பாலும் மாற்று அறுவைக்குப் பின்னரே, சிறுநீர் ஓடத் தொடங்கிய பிறகு, செய்கிறார்கள்.

தொற்று, பின்னோட்டம், கல்

மாற்று அறுவைக்குப் பின் அதிகம் வரும் பாக்டீரியா தொற்று சிறுநீர்த் தொற்றுதான், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா முதன்மைக் குற்றவாளி. முதல் 6 மாதங்களாவது தினமும் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுப்பது வழக்கம். நுரையீரலைத் தாக்கும் நியுமோசிஸ்டிஸ் தொற்றையும் அது தடுக்கிறது. காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீரகப் பகுதியில் வலி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுபுறம், எந்தத் தொல்லையும் இல்லாமல் பரிசோதனையில் மட்டும் கிருமி தெரிந்தால், அறுவை முடிந்து ஒரு மாதத்துக்கு மேலானவர்களுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதே 2019-இல் வந்த அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்க வழிகாட்டுதல். தேவையின்றிக் கொடுத்தால் மருந்துக்கு மசியாத கிருமிகள்தான் மிஞ்சும்.

சிறுநீர் பின்னோடுவது பலருக்கு இருக்கும்; தொல்லை இல்லையென்றால் விட்டுவிடலாம். காய்ச்சலோடு தொற்று திரும்பத் திரும்ப வந்தால், குழாயின் வாயில் நிரப்பு மருந்தை ஊசியால் செலுத்தியோ மறுபடி தைத்தோ சரிசெய்வார்கள். கல் ஏறக்குறைய 100-இல் ஒருவருக்குத்தான். சில கற்கள் கொடையாளரின் சிறுநீரகத்தோடு வந்து சேர்ந்தவையாகவும் இருக்கும். இதிலும் வலி இருக்காது என்பதே ஆபத்து. சிறுநீர் குறைந்த பிறகுதான் தெரியும்.

ஸ்டென்ட்

இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாயான டிஜே ஸ்டென்ட்டைத் தையலின் ஊடே வைத்துவிடுவது கசிவையும் குறுகலையும் கணிசமாகக் குறைக்கிறது என்று ஒப்பீட்டு ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. விலையாகக் கொடுப்பது கூடுதல் தொற்று. அதைக் கோட்ரைமாக்சசோல் ஓரளவு ஈடுகட்டும். நீண்ட நாள் இருந்தால் தொற்று கூடும், மிக முன்னதாக எடுத்தால் தையல் ஆறியிருக்காது. பெரும்பாலும் 2 முதல் 6 வாரங்களுக்குள் எடுக்கிறார்கள். மரத்துப்போகும் ஜெல் தடவி, வளையும் உள்நோக்குக் கருவி வழியே சில நிமிடங்களில் உருவிவிடலாம். உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வருவதும், லேசாக ரத்தம் தெரிவதும் இயல்பு.

மறந்துபோன ஸ்டென்ட் வேறு கதை. மாதங்கள் ஓட ஓட அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகி, உருவ வராமல் இறுகி, சில சமயம் ஒடிந்தும் போகும். பிறகு அதை எடுக்கவே கல்லுடைப்பும் அறுவையும் தேவைப்படும். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளில் தாளில் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: ஸ்டென்ட் உள்ளே இருக்கிறதா, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும், யார் எடுப்பார்கள். எடுத்த அன்று இரு சுருள் முனைகளும் முழுதாக வெளியே வந்தனவா என்று பார்த்துப் பதிய வேண்டும். அதன்பின் ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினும் ஸ்கேனும் பார்ப்பது அவசியம். ஸ்டென்ட் இருந்தவரை மறைந்திருந்த குறுகல் வெளிப்படுவது இந்த நாட்களில்தான்.